கை காய முதல் எழும்பியவன்

ரயில் இரண்டாகப் பிரியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், டேனிஷில் சொல்லியிருப்பார்கள். கொப்பன்ஹேகனில் ஏறி ஜன்னலில் தலையைச் சாய்த்தேன். கடல், பாலம், திரும்பவும் கடல், பிறகு கண்ணுக்கு எட்டியவரை மஞ்சள் பூத்த வயல். அந்த மஞ்சளுக்குள்ளேயே தூங்கிப்போனேன். ஃபிரெடரிசியா என்ற சந்திப்பில் முன்பெட்டிகள் கழன்று, நான் போகவேண்டிய ஹோர்சன்ஸ் பக்கம் போய்விட்டன. நான் இருந்த பின்பாதி வேறு திசையில் என்னையும் கூட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

எதிரில் ஒரு வயதான பெண்மணி, காலடியில் ஒரு கிழட்டு நாய். பயணச்சீட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்து மெல்லச் சிரித்து ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் ரயில் போய்விட்டது. நீங்கள் மட்டும்தான் இங்கே இருக்கிறீர்கள்.”

“இப்படி அடிக்கடி நடக்குமா?”

“கலியாணமான புதிதில் என் கணவரே மற்றப் பாதியில் போய்விட்டார்.”

“திரும்பி வந்தாரா?”

“அடுத்த ரயிலில். அப்போதே யோசித்திருக்க வேண்டும்” என்றார். அது பகிடியா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

எதற்காக ஹோர்சன்ஸ் போகிறீர்கள் என்று கேட்டார். அங்கே என் சிநேகிதன் ஒருவன் கிரீன்லாந்துக்கு வேலைக்குப் போகப் பார்க்கிறான், அவனைத் தடுக்கப் போகிறேன் என்றேன். அவர் நாயின் காதைத் தடவினார். கிரீன்லாந்து டென்மார்க் மன்னரின் முடிக்குக் கீழே இருக்கும் பெருந்தீவு. மக்கள் வேறு, மொழி வேறு. சொந்தப் பாராளுமன்றமும் கொடியும் இருக்கின்றன. ஆனால் செலவில் பெரிய பங்கு வருடாவருடம் கொப்பன்ஹேகனிலிருந்து போகிறது. தனியாகப் போய்விடலாமா என்ற பேச்சு அங்கே நீண்டகாலமாக உண்டு. இப்போது கடலுக்கு அப்பால் ஒரு பெரிய நாடும் அதை விலைக்குக் கேட்பதால் எல்லோர் வாயிலும் அதே கதை.

“நான் அங்கே போனதில்லை” என்றார் அவர் கடைசியாக. “ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அங்கத்து இறால் சாப்பிடுகிறேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.”

கோல்டிங்கில் இறங்கினேன். மேடையில் காற்று. ஒரு பாணுக்குள் ஈரல் விழுதும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்து விற்றார்கள். வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பினேன். இரண்டு மணித்தியாலம் பிந்தி ஹோர்சன்ஸில் இறங்கியபோது யோகன் நிலைய வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“பின்பெட்டியில ஏறினனியோ?” என்றான். அதுதான் அவன் எனக்குச் சொன்ன வணக்கம். நாங்கள் சந்தித்து ஒன்பது வருடம்.

*

யோகனும் நானும் ஒன்றாகக் கடலேரி கடந்தவர்கள். போரில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டி, சாமான்களையும் தடைசெய்திருந்த காலத்தில், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நானும் பத்தாம் வகுப்போடு விட்ட அவனும் படகில் சாமான் கொண்டுவந்து விற்றோம். பற்றரி, ஸ்பார்க் பிளக், நீர்ப்பம்புக்கான வளையங்கள். மாவுக்குள் புதைத்துக் கொண்டுவருவோம். சில நாள் படகு திரும்பி வராது. நாங்கள் இருந்த படகு எப்போதும் வந்தது. அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன்பிறகு அவன் டென்மார்க்கில் குளிர்சாதன மெக்கானிக் வேலை படித்து, ஹோர்சன்ஸில் ஒரு பெரிய குளிர்க் களஞ்சியத்தில் இருபது வருடமாக அதே இயந்திரங்களைப் பார்க்கிறான். நான் திருச்சி, துபாய், மார்செய், பாரிஸ் என்று சமையலறைகளில் பாத்திரம் கழுவியும் வெங்காயம் வெட்டியும் திரிகிறேன்.

என்னைக் கூப்பிட்டது அவன் அல்ல, அவன் மனைவி சுகந்தி. “அண்ணை, ஒருக்கா வந்து இந்த மனிசனுக்குச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னாக் கேப்பார்” என்று தொலைபேசியில் அழாத குறை. களஞ்சியத்தில் அவனோடு பத்தொன்பது வருடம் வேலைசெய்த கிரீன்லாந்துக்காரன் ஒருவன் ஊருக்குத் திரும்புகிறான். அவனுடைய சிறிய ஊரின் மீன் தொழிற்சாலைக்கு உறைகுளிர் இயந்திரம் தெரிந்த ஆள் தேவை. இரண்டு வருட ஒப்பந்தம், வீடு தருவார்கள். யோகன் போக ஆசைப்படுகிறான். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். ஓரிடத்திலும் நிற்காத என்னைக் கூப்பிட்டு, ஒருவனை ஓரிடத்தில் நில் என்று சொல்லச் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் வந்துவிட்டேன். எங்கே போகச் சொன்னாலும் எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் இடியப்பமும் சொதியும் வைத்திருந்தார் சுகந்தி. முதியோர் இல்லத்தில் காலை வேலை முடித்து வந்து, பிழிந்து, அவித்து, என் இரண்டு மணித்தியாலத் தாமதத்துக்காகத் துணியால் மூடி வைத்திருந்தார். யோகன் கை கழுவ எழுந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“நாளைக்கே கதைச்சிடுங்கோ அண்ணை. அந்த நாடு பிரிஞ்சால் இவரின்ர பென்சன் என்ன, கடவுச்சீட்டு என்ன, ஆருக்குத் தெரியும்? ஒரு நாடு பிரியிற கதையில அரைச்சீவன் போச்சு. இன்னொண்டு பிரியிறதைப் பாக்கவோ ஐஸுக்குள்ள போறார்?”

“யாரை நம்பிப் போறான்?”

“மாலிக் எண்டு ஒருத்தன். நல்லவன்தான். ஆனா ஒட்டாத மனிசன் அண்ணை. எங்கட மகள் அபி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு வந்தவன். சாப்பிட்டான், என்வலப்பைத் தந்தான், எழும்பிப் போட்டான். அரை மணித்தியாலம் இல்லை. போட்டோவுக்குத் தேடினம், ஆளில்லை. பிறந்தநாளுக்கும் அப்பிடித்தான், வீடு குடிபூரலுக்கும் அப்பிடித்தான். சாப்பாட்டுக் கடைக்கு வந்தவன் மாதிரி, கை காய முதல் எழும்பிப் போவான். எங்கட வீட்டில அரை மணித்தியாலம் இருக்க ஏலாதவனை நம்பி உலகத்தின்ர அந்தலைக்குப் போறதோ?”

யோகன் கதவருகில் துவாயோடு நின்றான். கேட்டிருக்கிறான். சாமத்தியவீட்டு நினைவு அவனுக்கும் உறுத்தல்தான் என்று முகத்தில் தெரிந்தது.

*

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் ஊரைக் காணவில்லை. மே மாதத்தில் கடல் இன்னும் குளிராக இருக்க, தரை சூடாகிவிடுவதால் இப்படி ஒரு கடற்புகார் வந்து கிடக்குமாம். சைக்கிளில் போகிறவர்களின் தலை மட்டும் தெரிந்தது. பிறகு தலையும் இல்லை, மணிச்சத்தம் மட்டும். யோகனின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் மத்தியானம் சாப்பிடும் இடத்துக்குப் போனேன். இரண்டு தரம் வழி தவறி, மரம் அரிந்து விற்கும் ஒரு மரக்காலை முற்றத்துக்குள் போய்விட்டேன். அங்கே ஒருவர் என் சைக்கிளைப் பிடித்துத் திருப்பி விட்டார். சாவி கொடுத்த பொம்மையைத் திருப்பி விடுவதுபோலத் திருப்பினார்.

கடல்நீர் நீளமாக ஊருக்குள் நுழைந்து முடிகிற இடத்தில் ஒரு வாங்கு. யோகனுக்குப் பக்கத்தில் அகலமான தோளுடன் ஒருவன் இருந்தான், ஐம்பது தாண்டியவன். மாலிக் என்ற பெயரைக் கேட்டதும் ஆள் முஸ்லிமாக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர்கள் மொழியில் அது அலையாம். களஞ்சியத்தில் இறால் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். அவன் டேனிஷில் பேச, யோகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

மாலிக் தன் பெட்டியிலிருந்து காய்ந்த மீன் ஒரு துண்டை முறித்துத் தந்தான். முகர்ந்தேன். நம்முடைய கருவாட்டின் தம்பி. உப்பு மட்டும் இல்லை. சுகந்தி யோகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது சோறும், றபாபர் என்ற புளிப்புத் தண்டில் வைத்த மாங்காய்க் கறியும். மாங்காய் இல்லாத மாங்காய்க் கறி. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் மச்சமில்லை, மரக்கறிதான். மாலிக் கேட்காமலே கரண்டியை நீட்டி அதில் பாதியை எடுத்தான். யோகன் பெட்டியை அவன் பக்கம் தள்ளி வைத்தான். இது தினமும் நடப்பதுபோல இருந்தது.

சுகந்தி தந்த வேலையை நான் தொடங்கினேன். “உங்கட நாடு தனிய போனால் எதை வைத்துச் சீவிப்பியள் எண்டு கேள்” என்றேன்.

மாலிக் கோபப்படவில்லை. இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்ட ஆளின் பொறுமை. “மீன்” என்றான். “மீனும் இறாலும். மலைக்குள்ளே ஏதேதோ உலோகம் இருக்கென்று சொல்லுகினம். அதை நான் கண்டதில்லை. மீனைக் கண்டிருக்கிறன்.”

“அது காணுமோ?”

“காணாது. கொப்பன்ஹேகன் காசு நின்றால் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஆட்டம் காணும். நாளைக்கே பிரியவேணுமெண்டு எங்கட ஊரில சிலர் நிக்கினம். எப்பவும் பிரியக்கூடாதெண்டு சிலர். கனபேர் ஒருநாள் பிரியவேணும், ஆனா இப்ப இல்லை எண்டுவினம்.”

“நீ?”

அவன் மீன் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தான். அங்கே தண்ணீர் இல்லை, புகார்தான் இருந்தது. “எங்கட ஊர் மீன் ஃபக்டரியில கொம்பிரசர் உடைஞ்சால் இஞ்சயிருந்து ஆள் வரவேணும். பிளேன், பிறகு ஹெலி, பிறகு காலநிலை சரிவர வேணும். அதுவரைக்கும் ஃபக்டரி மீன் வாங்காது. வாங்காட்டி வள்ளம் போகாது. வள்ளம் போகாட்டிக் கடையில கடன். போன மாரியில பதினொரு நாள் நிண்டது. அம்மா தொலைபேசியில ஒண்டுதான் கேட்டா: உன்னோட வேலை செய்யிற அந்தத் தமிழன் இதைத் திருத்துவானோ? எல்லாரும் கொடியைப் பற்றிக் கதைக்கினம். கொடி எங்களிட்ட இருக்கு. அங்கேயே நிண்டு திருத்திற ஒருத்தன்தான் இல்லை.”

யோகன் இதைச் சொல்லி முடித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தான். கிறீஸ் ஏறிய நகங்கள்.

பிறகு மாலிக் என்னைப் பார்த்து ஒன்று கேட்டான். இத்தனை வருட அலைச்சலில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. எல்லா நாட்டுக்காரரும் சண்டையைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேர், எப்படி, பார்த்தாயா. இவன் கேட்டான்: “உங்கள் இடத்தைத் துண்டித்து வைத்திருந்தபோது கடைகள் எப்படி நடந்தன?”

நான் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே யாருடையதோ கனவைச் சொல்வதுபோல இருந்தது. பனம்பழக் களியைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்துச் சிக்கனமாக எரித்த விளக்கு. நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியது. அதன் புகை. சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டது. செய்தி நீளமென்றால் ஆள் மாறிச் சுற்றுவார்கள். எங்கள் தோட்டங்களில் வெங்காயம் குவிந்து அழுகிக் கிடந்தது. அதே மாதத்தில் கொழும்பில் வெங்காயம் ஆனை விலை.

“பசி?”

“இருந்தது. ஆனால் பெரிய சாமான் இல்லாமல் இருந்து பழகலாம். சின்னச் சாமான் இல்லாட்டித்தான் எல்லாம் நிக்கும். ஒரு வளையம் இல்லாமல் பம்பு நிக்கும். பம்பு நிண்டால் தோட்டம் காயும். அந்த வளையத்தைத்தான் நானும் இவனும் மாவுக்குள்ள கொண்டுவந்தது.”

யோகன் இதை மொழிபெயர்க்கவில்லை. சொல் என்றேன். அவன் எழுந்து போய்த் தண்ணீர் ஓரம் நின்றுகொண்டான். புகாரில் அவன் முதுகு பாதிதான் தெரிந்தது. மாலிக் என்னிடம் உடைந்த ஆங்கிலத்தில், “அவன் சொல்லாவிட்டாலும் எனக்கு விளங்குது” என்றான். தடுக்கப் போனவன் தள்ளிவிட்டேன் என்று அப்போது எனக்கும் விளங்கியது.

பின்னேரம் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு வரும்போதுதான் யோகன் வாய் திறந்தான். “மச்சான், நானும் ஒரு நாட்டை நம்பி, பாதியில விட்டுட்டு ஓடி வந்தவன். அது சரியோ பிழையோ, இப்ப கதைச்சுப் பிரயோசனமில்லை. இவங்கட நாடு பிரியுமோ இல்லையோ, அதுவும் என்ர சோலியில்லை. ஒரு மிசினை ஓட வைக்கலாம். அதுதான் எனக்குத் தெரியும்.”

“சுகந்தி?”

“அவ ஓமெண்டு சொல்லாமல் நான் போகமாட்டன்.” கொஞ்சத் தூரம் நடந்தான். “அவ சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. பத்தொன்பது வருசம். ஒரே சாப்பாட்டுப் பெட்டி. ஆனா வீட்டுக்கு வந்தால் இருக்கமாட்டான். ஏன் மச்சான்?”

*

சனிக்கிழமை மாலிக் வீட்டில் பிரியாவிடை. மதியம் ஒரு மணி முதல் கோப்பி என்று அழைத்திருந்தான். அவர்களில் இப்படி வீடு திறந்து வைத்துக் கோப்பி கொடுப்பது ஒரு வழக்கம், காஃபெமிக் என்று பெயர். இதுவரை அவன் வீட்டு விசேஷங்கள் எல்லாம் ஒல்போர்க்கில் அக்காள் வீட்டில் நடந்ததால் யோகன் குடும்பம் ஒன்றுக்கும் போனதில்லை. போகவேண்டாம் என்று சுகந்தி சொல்வார் என எதிர்பார்த்தேன். ஆனால் அவர் காலையிலேயே எழும்பி மட்டன் ரோல்ஸ் அறுபது பொரித்து, பட்டுச்சேலை கட்டி நின்றார். “அவன் எங்களை மதிக்காட்டியும் நாங்கள் மதிக்கவேணும். போனால் ஒழுங்கா இருந்து, முடியுமட்டும் நிண்டு வருவம். எப்பிடி இருக்கிறதெண்டு அவனும் ஒருக்காப் பாக்கட்டும்.”

சரியாக ஒரு மணிக்குப் போனோம். மூன்றாம் மாடி, சிறிய வீடு. வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். அது எங்களுக்குப் பிடித்தது. மாலிக்கின் மனைவி கியர்ஸ்டன் ஹோர்சன்ஸ்காரி, உயரமானவர். சுகந்தியின் சேலையைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். மேசையைச் சுற்றி எட்டுக் கதிரைகள். மேசையில் கேக் மட்டும் ஏழு விதம். கூடவே காய்ந்த மீன், புகை போட்ட மீன், மலைபோல் இறால், சதுரம் சதுரமாக வெட்டிய திமிங்கிலத் தோல். ஜன்னலோரம் நல்ல மூன்று கதிரைகளில் எங்களை இருத்தினார்கள்.

திமிங்கிலத் தோலை நான் சாப்பிட்டுப் பார்த்தேன். முதலில் ரப்பர். விடாமல் மென்றால் உள்ளேயிருந்து கச்சான் கடலை வாசம் ஒன்று கிளம்புகிறது. “எப்பிடி அண்ணை?” என்றார் சுகந்தி. “முத்தல் தேங்காய்” என்றேன். அவர் இன்னொரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார்.

ஆட்கள் வந்தார்கள். கை கொடுத்தார்கள், இருந்தார்கள், கோப்பி குடித்தார்கள், இரண்டு விதம் கேக் சாப்பிட்டார்கள், எழும்பிப் போனார்கள். அடுத்தவர்கள் வந்தார்கள். ஒருவரும் இருபது நிமிடம், அரை மணித்தியாலத்துக்கு மேல் இல்லை. சுகந்தி பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மெல்ல மாறியது. கோபத்தோடு வந்தவருக்கு இரக்கம் பிடித்துவிட்டது.

“பாருங்கோ இஞ்சேர்” என்று யோகனின் கையை இடித்தார். “ஊரை விட்டுப் போறவன். ஒருத்தரும் அவனோட இருந்து கதைக்கினமில்லை. எல்லாம் வாறதும் போறதும். இப்பிடிப்பட்ட ஆக்களுக்க வளந்தவன் எங்கட வீட்டில எப்பிடி இருப்பான்? பாவம். நாங்கள் இருப்பம். கடைசி ஆள் போனபிறகு கோப்பையும் கழுவிக் குடுத்திட்டுப் போவம்.”

இருந்தோம். ஜன்னலுக்கு வெளியே புகார் வெள்ளையாக நின்றது. கீழே தெரு இல்லை, எதிர்வீடு இல்லை. சூடான அறை, கோப்பி வாசம், விளங்காத இரண்டு மொழிகள். ஒரு கப்பலில் இருப்பதுபோல, எங்கேயும் போய்ச்சேராமல் போய்க்கொண்டே இருப்பதுபோல இருந்தது. மாலிக் நடுநடுவே கதவுக்கு வெளியே போய் வந்தான். வரும்போதெல்லாம் எங்கள் கோப்பையை நிரப்பினான். மூன்றாவது கோப்பை, நாலாவது. யோகன் களஞ்சியத்துப் பழங்கதை சொல்ல, அவன் நின்றபடியே சிரித்தான். இரண்டரை மணித்தியாலம் போய்விட்டது.

எனக்குச் சிகரெட் நினைவு வந்தது. கதவைத் திறந்தேன்.

படிக்கட்டு முழுக்க ஆட்கள். மூன்றாம் மாடியிலிருந்து கீழே புகார் வரைக்கும், படிக்கு இரண்டு பேராக, சுவரில் சாய்ந்தபடி. கையில் பொதிகள், பூக்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மேல்படியில் ஒரு கிழவர் கைத்தடியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ஒருவர் கண்ணிலும் கோபமில்லை.

கீழேயிருந்து அபி வந்தாள். யோகனின் ஒரே மகள், ஓகூஸில் படிக்கிறாள். பஸ் பிந்தி வருகிறாள். ஒவ்வொரு படியிலும் நின்று டேனிஷில் மன்னிப்புக் கேட்டுக்கேட்டு ஏறி வந்தாள்.

“மாமா, நீங்கள் எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?”

“ஒண்டுக்கு.”

“அப்பா அம்மா இன்னும் உள்ளயோ? இருந்தபடியோ?”

ஓமென்றேன். அவள் கையை நெற்றியில் வைத்தாள். “மாமா, காஃபெமிக் எண்டால் அப்பிடி இல்லை. என்ர வகுப்பில ஒரு கிரீன்லாண்ட் பிள்ளை இருக்கிறாள். ஊர் முழுக்க வரும், வீடு சின்னன். குடிச்சு முடிய எழும்பவேணும். எழும்பினால்தான் அடுத்த ஆள் இருக்கலாம். அதுதான் மரியாதை.”

உள்ளே போனோம். அவள் தகப்பனிடம் பேசவில்லை. நேரே மாலிக்கிடம் போய் டேனிஷில் கேட்டாள். அவன் தலையை ஆட்டி, மறுத்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான். யோகனின் கை கோப்பையோடு அப்படியே நின்றது. அவனுக்கு டேனிஷ் தெரியுமே.

“என்னவாம்?” என்றார் சுகந்தி.

அபிதான் தமிழில் சொன்னாள். “வெளியில ஐம்பது பேர் நிக்கினம் அம்மா. மாலிக் அங்க போய்ச் சொல்லியிருக்கிறார், உள்ள என்ர தமையன் மாதிரி ஒருத்தரும் அவரின்ர ஆக்களும் இருக்கினம், அவை எழும்புமட்டும் மற்ற ஐஞ்சு கதிரையில ஆறுதலா வாங்கோ எண்டு. மேல்படியில இருக்கிறவர் அவரின்ர மாமா. ஒல்போர்க்கில இருந்து வந்தவர். ஒரு மணித்தியாலமா இருக்கிறாராம். என்னையும் சத்தம் போடாதை எண்டுறார்.”

சுகந்தி மாலிக்கைப் பார்த்தார். பிறகு எனக்கு மறக்காத ஒன்று நடந்தது. அவர் டேனிஷிலேயே, முதியோர் இல்லத்து டேனிஷில், நேராக அவனைக் கேட்டார். யோகன் பிறகு எனக்கு வார்த்தைக்கு வார்த்தை சொன்னான்.

“அபியின் சாமத்தியவீட்டில் நீ ஏன் அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போனாய்?”

மாலிக் குழம்பிப்போனான். அத்தனை வருடத்துக்கு முந்தியது. யோசித்துப் பார்த்துச் சொன்னான்: “மண்டபத்தில் சுவரோரம் ஆட்கள் தட்டோடு நின்றார்கள். நான் சாப்பிட்டு முடித்துவிட்டேன். அந்தக் கதிரை அதற்குமேல் எப்படி என்னுடையது?”

கியர்ஸ்டன் கோப்பிப் பாத்திரத்தோடு நின்றார். யோகன் எழும்பினான். கதிரையை மேசைக்குள் தள்ளவில்லை, வெளியே இழுத்து வைத்தான். கதவைத் திறந்து, மேல்படியில் இருந்த கிழவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிவந்து அதில் இருத்தினான். கிழவர் இருந்ததும் முதல் வேலையாகத் திமிங்கிலத் தோலை இழுத்துக்கொண்டார்.

சுகந்தி ரோல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்தபடி படிப்படியாக இறங்கி, ஒவ்வொருவரிடமும் பெட்டியை நீட்டினார். கடைசி ரோல்ஸ் தெருவில், புகாருக்குள் நின்ற ஒருவருக்குப் போய்ச்சேர்ந்தது. யாரென்று நாங்கள் பார்க்கவில்லை. கை மட்டும் தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது காலி ரோல்ஸ் பெட்டியோடு அவர் முன்னால் நடந்தார். ஓரிடத்தில் நின்று, “அண்டைக்குப் போட்டோவுக்கு அவனைத் தேடேக்க நான் என்னென்ன சொல்லியிருப்பன்” என்றார்.

*

ஞாயிறு காலை புகார் கலைந்து ஊர் திரும்பி வந்திருந்தது. தெருக்கோடியில் ஒரு தேவாலயம் இருந்ததை அன்றுதான் கண்டேன். எனக்கு ரயில் பத்தரைக்கு. யோகன் சைக்கிளுக்குக் காற்றடிக்க வெளியே போயிருந்தான். அபி இன்னும் தூக்கம்.

சுகந்தி கடைசி இடியப்பத்தைப் பிழிந்துவிட்டு இடியப்ப உரலைக் கழுவித் துடைத்தார். துடைத்தவர் அதை அலுமாரிக்குள் வைக்கவில்லை. கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணை, அங்க அரிசி மா கிடைக்குமோ?”

“எங்க?”

“எங்கயெண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்றார் என்னைப் பார்க்காமல். “வயசுபோன ஆக்களைப் பாக்கிற இடம் அங்கயும் இருக்குமாக்கும். இருக்கவேணும். எல்லா இடத்திலயும் வயசு போகுது.”

புத்தி சொல்ல என்னை அழைத்தவர் அவர்தான். என் கடமைக்கு நானும் ஒரு வார்த்தை கேட்டேன். “நாளைக்கு அது தனிநாடாகினால் என்ன செய்வியள் தங்கச்சி?”

“ஆகட்டும். அவையின்ர வீடு. அதுவரைக்கும் இவர் அந்த மிசினை ஓட்டட்டும். இவரிட்டப் படிக்க அந்த ஊர்ப் பிள்ளையள் ஆரும் வருவினம்தானே. பிறகு அவைக்குக் கதிரை தேவைப்பட்டால் நாங்கள் எழும்ப வேணும்.” உரலைத் துணியில் சுற்றினார். “ஒண்டு அண்ணை. அவை எழும்பச் சொல்லமாட்டினம். அதை நாங்கள்தான் பாத்து இருக்கவேணும்.”

வெளியே யோகன் மணியை அடித்தான். நான் கோப்பியை முடித்து, கை கழுவிவிட்டு வந்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் எழும்புகிற நேரத்தில் தோளைப் பிடித்து அமர்த்தி இன்னும் இரண்டு வைப்பது எங்கள் பெண்களின் வழக்கம். வந்த அன்றும் சுகந்தி அப்படித்தான் செய்தார். இன்று அவர் என் பையை எடுத்துத் தந்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். என் கை இன்னும் ஈரமாக இருந்தது.